வால் விடாத துணி

சீச்சீக்காரர் என்ற பெயரை அவருக்குத் தெருவே கூடி வைத்தது. வண்டி வந்து நின்றதும் பானட்டைத் தூக்குவார், ஒரு மூச்சு உள்ளே இழுப்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டு "சீ" என்பார். அதற்குப் பிறகுதான் என்ன பிரச்சினை என்று கேட்பார். நல்ல வண்டிக்கும் ஒரு "சீ" உண்டு. நட்டு இருக்க வேண்டிய இடத்தில் எவனாவது கட்டுக்கம்பி முறுக்கியிருப்பான், ஒயருக்கு எவனாவது காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருப்பான். "எந்த நாயோட வேலை இது?" என்பது அவருடைய இரண்டாவது வசனம். எதிர்க்கடை வெல்டிங்காரர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இந்த வசனத்தை எண்ணுவார். மத்தியானத்துக்குள் எண்ணிக்கை ஏழு தாண்டிவிட்டால், இன்றைக்குப் பக்கத்தில் போகாதே என்று பேட்டரிக் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்புவார்.

அது அவருக்குப் பிறவிக் குணம் என்று மனைவி சொல்வாள். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. இளவயதில் ஒன்பது வருடம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அங்கே விற்பனைக்கு வரும் பழைய கார்களின் ரேடியேட்டர் ஒழுகினால் பற்றவைக்க மாட்டார்கள். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை உள்ளே ஊற்றுவார்கள். சூட்டில் அது வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வாங்கிப் போகிறவர் இருபது நாள் சந்தோஷமாக ஓட்டுவார், இருபத்தோராம் நாள் நடுரோட்டில் நிற்பார். முட்டை உடைக்கிற வேலை இவருக்கு. வெந்த முட்டையும் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலண்டின் தித்திப்பு வாடையும் கலந்து வரும் ஆவியை மாதக்கணக்கில் முகர்ந்தவர், ஒரு நாள் கூடையோடு முட்டையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வெளியே வந்தார். இன்றுவரை அவர் வீட்டில் முட்டை வாங்குவதில்லை.

சொந்தமாகக் கடை போட்டபோது மனைவியின் தம்பியைக் கூட வைத்துக்கொண்டார். மச்சினனுக்கு அப்போது முப்பது வயது. அமைதியான ஆள், நிதானமான கை. பஸ் டிப்போவில் வேலை கற்றவன். அவனிடம் இவர் கண்ட ஒரே குறை, கை துடைக்க, எண்ணெய் துடைக்க, எல்லாவற்றுக்கும் மில்லில் கழித்த நூல் கத்தையை, பஞ்சு வேஸ்டை எடுப்பான். டிப்போவில் அப்படித்தான். சீச்சீக்காரருக்கு வேஸ்டைக் கண்டாலே ஆகாது. அதிலிருந்து நூல் பிரிந்து எண்ணெய் ஓட்டைக்குள் போய்விடும். ஆகவே தன் பங்குக்கு வீட்டிலிருந்து துணி கொண்டுவருவார். துவைத்து, மடித்து, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார். இன்ஜினில் ஏதாவது ஒன்றைக் கழற்றினால் திறந்த வாயில் அந்தத் துணியைச் செருகிவிட வேண்டும், உள்ளே தூசி போகக் கூடாது. செருகின துணியில் ஒரு சாண் வெளியே தொங்க வேண்டும். "வால் விடு. வால் இல்லாத துணி உள்ள போயிடுச்சுன்னா, உங்கப்பன் வந்தாலும் எடுக்க முடியாது" என்பார். மச்சினனிடம் இதைச் சொல்லாத நாள் கிடையாது. அவனுடைய அப்பா இவருடைய மாமனார் என்பதுகூடச் சொல்லும்போது அவருக்கு ஞாபகம் இருக்காது.

அந்த மச்சினன் கடையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. போனதற்குக் காரணம் ஒரு பச்சைக் கார். கார் அப்போது ஒரு கண் டாக்டருடையது. இன்ஜின் சூடானதும் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கிற கூடு விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. பழைய கூட்டை சீச்சீக்காரர் கழற்றினார். புதுக் கூட்டை மச்சினன் மாட்டினான், தண்ணீர் ஊற்றினான், உள்ளே தங்கின காற்றை வெளியே எடுத்து வண்டியை அனுப்பினான். பத்தாம் நாள் டாக்டர் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மேட்டில் கொதித்து, பானட்டுக்குள்ளிருந்து ஆவி அடித்து, கூட வந்த அவருடைய அம்மா பயந்துபோய் ரோட்டோரம் வாந்தி எடுத்திருக்கிறார். சீச்சீக்காரர் ஆறினபின் திறந்தார், தண்ணீர் நிரப்பினார், காற்றை எடுத்தார். ஓட்டிப் பார்த்தால் வண்டி சமர்த்தாக ஓடியது. அவருக்கு அது போதும்.

"காத்தை எடுக்கலடா நீ."

"எடுத்தேன் அத்தான். ரெண்டு தடவை எடுத்தேன்."

"பொய் வேற."

டாக்டர் நின்றுகொண்டிருந்தார். வெல்டிங்காரரும் பேட்டரிக் கடைக்காரரும் சத்தம் கேட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சீச்சீக்காரர் மச்சினனை வாய்க்கு வந்தபடி பேசினார். கையில் சுத்தமில்லாதவன் என்றார். இவன் தொட்ட வண்டியைத் தொடவே எனக்குக் குமட்டுகிறது என்றார். எந்த நாயோட வேலை என்று இனி யாரும் கேட்க வேண்டாம், நாயை நானே வீட்டுச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன் என்றார். மச்சினன் குழாயடிக்குப் போனான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான், நடந்து போனான். இப்போது நான்கு தெரு தள்ளி ஒரு டயர் கடையில் சக்கரம் மாட்டுகிறான். பிரிக்க, பார்க்க, யோசிக்கத் தெரிந்த கை அங்கே நாளெல்லாம் காற்று அடிக்கிறது. வேறு எந்த ஒர்க்‌ஷாப்பும் அவனை எடுக்கவில்லை. சொந்த அத்தானே துரத்திவிட்டாரென்றால் சும்மாவா துரத்தியிருப்பார் என்று பேச்சு. அக்கா வீட்டு வாசலை அவன் மிதிப்பதில்லை. அக்காதான் வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள், வந்து எதுவும் சொல்ல மாட்டாள்.

இந்த நிலையில்தான் பச்சைக் கார் மறுபடி வந்தது. மூன்று கை மாறி, பச்சை வெளுத்து, ஒரு தையல்கார அம்மாவிடம் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். பின் சீட்டு முழுக்கத் துணி மூட்டை.

"மேடு ஏறினா சூடு காட்டுற முள்ளு மேல போகுதுங்க. வீட்டுல நிறுத்தினா கீழ ஒரு சொட்டு இல்ல, தண்ணி மட்டும் வாரத்துக்கு அரை லிட்டர் காணாமப் போகுது. மூணு மெக்கானிக் பாத்தாச்சு. கடைசி ஆளு, ஹெட் கேஸ்கெட் போச்சு, வண்டியைக் கழிச்சுக் கட்டிடுங்கன்னுட்டாரு. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

சீச்சீக்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். முகம் மாறியது. பானட்டைத் தூக்க மறந்து கொஞ்ச நேரம் நின்றார். அன்றைக்கு அவன் காற்று எடுக்காமல் விட்டதில் இன்ஜின் சூடேறி, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்து, அந்த வினைதான் இன்றுவரை ஓடுகிறது என்று அவருக்கு அங்கேயே தீர்மானமாகிவிட்டது. பிரித்துக் காட்டிவிட வேண்டியதுதான். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னார். "அந்தப் பச்சை வண்டி வந்திருக்கு. உன் தம்பி லட்சணம் இப்போ வெளிய வரும்."

தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வரட்டும். உள்ள என்ன கிடைக்குதோ, அதைக் கொண்டுவந்து எங்கிட்ட காட்டணும். எதுவா இருந்தாலும் காட்டணும். ஆறு வருஷமா நான் ஒண்ணும் கேட்கல."

"காட்டுறேன்" என்றார் அவர், வலுவாக.

மறுநாள் காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் அவருக்கு உண்மையாகவே குமட்டியது. உள்ளே பழுப்பு நிறத்தில் சேறு. ஓட்டை அடைக்கிற பொடியை எவனோ பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டியிருக்கிறான். அதற்கு மேல் நூல் நூலாக வெள்ளை. முகர்ந்தார். முட்டை. ஓடிப்போய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்து, "எந்த நாயோட வேலைடா இது" என்று ஒரு சத்தம் போட்டார். எதிரே வெல்டிங்காரர் ஒன்று என்று எண்ணினார்.

அந்த அழுக்கைக் கழுவி எடுக்கவே அரை நாள் போனது. மச்சினன் மேல் குற்றம் சாட்டத் தயாராக இருந்தாலும் வேலையில் அவர் குறுக்கு வழி போகிறவர் இல்லை. முதலில் இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பாலாடைபோல் படிந்திருக்க வேண்டும். ஆயில் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்தார். எங்காவது ஒழுகினால் முள் இறங்கும். ஒரு மணி நேரம் கழித்தும் முள் வைத்த இடத்தில் இருந்தது. நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். நான்கும் ஒரே நிறம், எதற்குள்ளும் தண்ணீர் போகவில்லை. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்த்தார், கேஸ்கெட் வழியாகப் புகை கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவத்தை வைத்தும் பார்த்தார். நீலம் நீலமாகவே இருந்தது. கேஸ்கெட் நன்றாக இருக்கிறது, ஹெட்டும் வளையவில்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை.

தண்ணீர் எங்கே போகிறது என்பது சுலபத்தில் தெரிந்தது. ரேடியேட்டர் பக்கத்துப் பிளாஸ்டிக் டப்பாவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தடம் காய்ந்திருந்தது. ஒழுகவில்லை. கொதிக்கும்போது டப்பா வழியாகப் பொங்கி, சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது. அதனால்தான் கீழே சொட்டு இல்லை. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. ஏன் கொதிக்கிறது?

மேட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது வளைவில் முள் எழுந்தது. இறங்கி ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸ்களைத் தொட்டார். மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. தண்ணீர் சுற்றவே இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. ஆறவிட்டுத் திரும்ப ஓட்டினால் கீழ் ஹோஸும் சூடாகி, முள் நடுவில் நின்றது. ஒரு சமயம் அடைப்பு, ஒரு சமயம் திறப்பு. கடைக்கு வந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டார். அழகாகத் திறந்தது. பம்பு முந்தின ஆள் மாட்டின புதுசு, இறக்கைகள் சரியாக இருந்தன. ரேடியேட்டரில் குழாயை வைத்தால் தண்ணீர் கொட்டியது. பாக்கி இருந்தது ஒன்று. தெர்மோஸ்டாட் கூட்டிலிருந்து பம்புக்குப் போகும் இரும்புப் பைப். இன்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் இருப்பதால் அதை யாரும் கழற்றுவதில்லை. மூன்று மெக்கானிக்கும் தொடவில்லை. டாக்டர் வந்த அன்றைக்கு சீச்சீக்காரரும் தொடவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் முழங்கை இரண்டும் தோல் உரிந்து பைப் வெளியே வந்தது. கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டார். வளைவில் ஏதோ மெத்தென்று இடித்தது. மாட்டி இழுத்தார். முதலில் பழுப்புச் சேறு கையெல்லாம் வழிந்தது. பிறகு செத்த எலிபோல ஒன்று வழவழவென்று நழுவி வந்து தட்டில் விழுந்தது. வாடை சொல்லி மாளாது. ஆறு வருடத்து அழுகலும், முட்டையும், பொடியும், தித்திப்பும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணி. எவனோ பைப் வாயில் துணியைச் செருகி, வால் விடாமல், அப்படியே மேலே கூட்டை மாட்டிவிட்டான். இன்ஜின் வேகமெடுத்தால் பம்பு இழுக்கும், துணி வளைவில் போய் அடைக்கும். நின்றால் தளரும். பொடி ஏற ஏற அது தடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

"சீ, வால் விடல. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வால் விடல அவன்" என்றார் சத்தமாக. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட.

சொல்லி முடிக்கும்போதே உள்ளே எங்கோ உறுத்தியது. மச்சினன் எடுப்பது பஞ்சு வேஸ்ட். இது துணி.

வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருந்த தையல்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றார். சீச்சீக்காரர் துணியைப் பெட்ரோலில் அலசி விரித்தார். சேறு போனதும் நீலக் கட்டம் தெரிந்தது.

"இது சின்னப் பொண்ணு சட்டைக் கைங்க" என்றார் அந்த அம்மா, தொழில்காரர் பார்வையோடு. "பாலியெஸ்டர் கலந்தது. அதான் இத்தனை வருஷமா இத்துப் போகாம கெடந்திருக்கு. இந்த ஓரத்தைப் பாருங்க, நீலத் துணிக்கு மஞ்சள் நூல்ல தச்சிருக்காங்க. யாரு வேலையோ, நூல் கெடைக்கல போலிருக்கு."

யாருடைய வேலை என்று அவருக்குத் தெரியும். மகள் ஐந்தாவது படிக்கும்போது சட்டைக் கை கிழிந்து, வீட்டில் நீல நூல் இல்லாமல் மனைவி மஞ்சள் நூலில் தைத்தாள். பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று பெண் அழுது, அதைப் போடவே மாட்டேன் என்றுவிட்டது. சட்டையைக் கிழித்து பிஸ்கட் டப்பாவில் அடுக்கியது இவர். டப்பாவை வேறு யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டதும் இவர். அன்று கூட்டைக் கழற்றி, பைப் வாயில் துணியைச் செருகியபோது வெளியே யாரோ கூப்பிட்டார்கள். போனார். வால் விட்டோமா என்று திரும்பிப் பார்க்கவில்லை. மச்சினன் வந்தபோது துணி பைப்புக்குள் போய்விட்டிருந்தது. வெறும் வாயைத்தான் அவன் பார்த்திருப்பான், கூட்டை மாட்டியிருப்பான். காற்றையும் எடுத்திருப்பான், இரண்டு தடவை.

தையல்கார அம்மா கேட்டார். "வண்டியைக் கழிச்சுக் கட்ட வேண்டாமே?"

"வேண்டாம்மா. நாளைக்கு எடுத்துக்கலாம். இன்ஜின் நல்லா இருக்கு." பிறகு, "இது என் துணி. ஆறு வருஷம் முன்னாடி நான்தான் உள்ள விட்டேன்" என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவினார். மறுபடி கழுவினார். சோப்புக் கரைந்து பாதியானது, வாடை போகவில்லை. இத்தனை வருடம் ஊரான் வேலையில் கண்ட அசிங்கத்தையெல்லாம் தராசின் ஒரு தட்டிலும், இந்தச் சட்டைக் கையை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தார், சட்டைக் கைதான் கனத்தது. சாப்பாட்டின் முன்னால் உட்கார முடியவில்லை. பேப்பரில் சுற்றியிருந்ததை எடுத்து மனைவியின் முன்னால் வைத்தார். கண்டுபிடித்ததை வண்டி பாஷையில் மூன்று வரியில் சொன்னார். காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாரே.

அவள் மஞ்சள் நூலைப் பார்த்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. துணியை எடுத்துக்கொண்டு போய், சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, கொடியில் காயப் போட்டாள். காலையில் மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"கை கழுவினது போதும். அவன்கிட்ட போயிட்டு வாங்க."

டயர் கடையில் மச்சினன் குந்தி உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்கு நட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். முன்தலையில் நரை விழுந்திருந்தது. அத்தானைக் கண்டதும் எழுந்தான், எழுந்த பிறகு ஏன் எழுந்தோம் என்பதுபோல நின்றான். சீச்சீக்காரர் துணியை நீட்டினார். அவன் வாங்குவதற்கு முன்னால் கையைக் கழுவி, துடைத்துவிட்டு வந்தான். அதைப் பார்க்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பச்சை வண்டி. பின்னாடி பைப்புல இருந்துச்சு."

அவன் விரித்தான். கட்டத்தைப் பார்த்தான், நூலைப் பார்த்தான். "பாப்பாவோட சட்டை" என்றான். பிறகு, "வால் விடல" என்றான்.

"விடல."

"நான் காத்து எடுத்தேன் அத்தான்."

"எடுத்தே. ரெண்டு தடவை எடுத்தே. நான்தான்…" அவன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "கடைக்கு வந்துடு மாப்ளே."

மச்சினன் துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"வெல்டிங் அண்ணன்கிட்ட?"

சீச்சீக்காரர் இல்லையென்று தலையாட்டினார்.

"பேட்டரிக் கடையில?"

அதற்கும் அதே தலையாட்டல்.

"அவங்க முன்னாடி நிக்க வச்சுத்தான் சொன்னீங்க. இங்க வந்து எங்கிட்ட மட்டும் காதுல சொல்லிட்டுப் போனா எப்படி? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, நான் காத்து எடுத்தேன்னு." கோபமில்லாமல் சொன்னான். துணியைத் திருப்பி அவர் கையில் வைத்துவிட்டு மறுபடி சக்கரத்தின் பக்கம் குனிந்தான்.

நான்கு தெருவும் அவருக்கு அன்று நீளமாக இருந்தன. இரண்டாவது தெருவில் பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. வெல்டிங் கடை வாசலில் நின்றார். பேட்டரிக் கடைக்காரரும் அங்கேதான் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். தெரு முனையில் பைக் நின்றது, மச்சினன் இறங்கவில்லை.

சீச்சீக்காரர் துணியைப் பிரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். ஆறு வருடம் முன்பு கண் டாக்டர் காரைக் கெடுத்தது இதுதான், பைப்புக்குள் கிடந்தது, என் மச்சினன் காற்றை ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறான் என்றார். வெல்டிங்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார். முகம் சுளித்தார். அவருக்கு வாயில் வந்தது பழக்கத்தில் வந்ததுதான், இத்தனை வருடம் எதிர்க்கடையிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போனது.

"சீ. எந்த நாயோட வேலை இது?"

"என்னோடது" என்றார் சீச்சீக்காரர்.